பதினொரு துணிகள்

பேஸ்மென்ட் மெஷினில் ஒட்டியிருக்கிறார்கள்:
'குழந்தைகளின் பீத்துணி போடக்கூடாது.'
கீழே யாரோ பேனாவால் ஒரு சிரித்த முகம்.

ஆகவே குளியல் தொட்டி.
முழங்காலிட்டு அலசுகிறேன்.
வெயினி நேற்று எவ்வளவு பூசணி தின்றாள் என்று
அவள் அம்மாவைவிட எனக்குத்தான் தெரியும்.

சாஸ்கட்டூன் பால்கனி,
மைனஸ் இருபத்திரண்டு.
க்ளிப் போட்டுத் திரும்புவதற்குள்
பதினொன்றும் விறைத்துவிட்டன.
ஒன்றைத் தட்டினேன்,
யாரோ கதவைத் தட்டியதுபோல் இருந்தது.
பக்கத்து ஓல்கா எட்டிப் பார்த்தாள்:
"இதில் காயுமா?"
"காயும். நாளாகும்."

மூன்றாம் நாள்
மஞ்சள் கறையைப் பனி தின்றிருந்தது.

இரவு வேலை முடிந்து வந்த குமுதினி
கோட்டைக் கழற்றாமல்
ஒரு துணியை முகத்தில் வைத்துக்கொண்டு
நெடுநேரம் நின்றாள்.

"ஒன்றுமே மணக்கவில்லை"
என்றாள்,
எதையோ தேடி
ஏமாந்தவள்போல.