அரை மணிக்கொரு படி

பாலம் தூக்குகிறவள் நான்.
ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கால்வாய் முனை.
படகு வந்தால் மணியடித்து, சாலையை மறித்து,
தூண்டில் கழியில் மரச்செருப்பைக் கட்டி நீட்டுவேன்;
போகிறவர்கள் அதில் காசு போடுவார்கள்.
ஒரு ஜூன் மாதம்
மூன்று யூரோ விழுந்த செருப்பை
என்னால் தூக்க முடியவில்லை.
தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்தது.
வேடிக்கை என்று நினைத்துப்
படகுக்காரர்கள் கைதட்டினார்கள்.

அப்புறம் நான்கு வருடம்.
மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது.
படியேற, தொடையில் கை ஊன்ற வேண்டியிருந்தது.
கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது: பொம்பே.
எங்கள் மொழியில் நீரிறைக்கும் பம்பைப் போல ஒலிக்கும்.
தசைக்குள் சர்க்கரை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது,
உடைக்கும் ஆள் மட்டும்
வேலைக்கு வருவதேயில்லை.
அப்பாவிடம் ஒரு பழுது, அம்மாவிடம் ஒரு பழுது,
இரண்டும் என் பங்குக்கு வந்தன.
தம்பி சிட்ஸேவுக்கு ஒன்றுதான்.
அவன் ஓடுகிறான், சறுக்குகிறான்,
என்னைப் பார்த்தால் மெதுவாக நடக்கிறான்.

இரண்டு வாரத்துக்கொரு வியாழன்
டவ்வே வருகிறான், அந்த ஆளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு.
முதலில் என்னை எடை போடுவான்.
எடைக்குத்தான் மருந்து, என் பேச்சுக்கு அல்ல.
காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா,
போன முறை வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது?
குப்பியின் சுவரோரமாகத் தண்ணீரை வழியவிடுவான்
தூங்கும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி.
பிறகு மெல்லச் சாய்ப்பான். குலுக்குவதில்லை.

ஒருமுறை என் கணவன் இன்ஸே உதவிக்கு வந்து
ஒரு குப்பியைச் சாக்லேட் பால் போலக் குலுக்கிவிட்டான்.
நுரை.
டவ்வே ஒன்றும் சொல்லாமல் அதைத் தனியே வைத்தான்,
மருத்துவமனைக்குப் போன் செய்தான்.
விலையை இன்ஸே கேட்டான்.
கேட்டுவிட்டு நாற்காலியைத் தேடினான்.

சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அட்ரினலின் ஊசி.
இதுவரை திறந்ததில்லை.
காலாவதித் தேதியை மட்டும் ஒவ்வொரு முறையும்
உரக்கப் படிப்பான், பிரார்த்தனைபோல் அல்ல,
ரயில் நேரம் படிப்பதுபோல்.

இந்த ஜனவரியில் கால்வாய் உறைந்தது.
எத்தனை வருடம் கழித்து!
ஊரே பனிமேல் இருந்தது.
ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்துத்
தள்ளிக்கொண்டு போவதாகச் சிட்ஸே சொல்லியிருந்தான்,
இருட்டுமுன் வரவேண்டும் என்று.
அரை மணிக்கொரு படி, மெல்ல மெல்ல
வேகம் ஏற்றுவான் டவ்வே.
"இன்றைக்கு ஒரு படி தாண்டேன்" என்றேன்.
அவன் என் நாடியை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணி முடித்துத்தான் "மாட்டேன்" என்றான்.

மூன்றாம் படியில்
காதுக்குக் கீழே அரித்தது.
கழுத்துத்துணியை இழுத்து மூடினேன்.
கண்ணாடிக்கு வெளியே
சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பையன் விழுந்தான், எழுந்தான்.
இருபதுவரை எண்ணினால் போய்விடும் என்று நினைத்தேன்.
பதினான்கில் உள்ளங்கை அரித்தது.

பாலத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தும்
உள்ளே நுழைகிற கார்க்காரர்களை
எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்.

"டவ்வே, காது..."
வாக்கியம் முடியுமுன் பம்பை நிறுத்திவிட்டான்.
என்னைத் திட்டவில்லை.
துணியை விலக்கிப் பார்த்தான்,
இரத்த அழுத்தம், மூச்சு, நாக்கு, உதடு.
மருத்துவரிடம் பேசினான், ஒரு மருந்து கொடுத்தான்.
தடிப்பு வடியும்வரை
சொட்டாத குழாயை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவர் சொன்னபடி பாதி வேகத்தில் மீண்டும்.
முடிந்தபோது ஏழு மணி. அதன் பிறகும்
கோட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தான், காத்திருக்கும் நேரம் முடியும்வரை.

சிட்ஸே வாசலில் நின்றான்,
சறுக்குக் கத்திகளைத் தோளில் தொங்கவிட்டபடி.
"நாளைக்கும் பனி இருக்கும்" என்றான்.
வானிலை அறிக்கையை நானும் கேட்டிருந்தேன்.

இரவெல்லாம் மழை.

காலையில் டவ்வே விட்டுப்போன தாளைப் பார்த்தேன்.
மூன்றாம் படி. காதுக்குக் கீழ்த் தடிப்பு. அவளே சொன்னாள்.
'அவளே' என்பதன் கீழ் ஒரு கோடு,
பேனா கொஞ்சம் அழுந்தியிருந்தது.