அவர் இறங்கிப்போன நேரம்

ஒன்பது வருசமாய் எனக்குத் தெரியும்
அவர் தலைவிளக்கு எந்த மரத்தில் முதலில் நிற்கும் என்று.
மூன்றரைக்குக் கதவு ஒரு தடவை முனகும்,
வாளிகள் ஒன்றோடொன்று முட்டும்,
பிறகு ரப்பர் விளைக்குள் ஒரு வெளிச்சம்
மரம் மரமாய் நின்று நின்று போகும்.
ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டு கிடப்பேன்.
இருநூற்றிப் பதினாறு மரம்.

அண்டியாபீசில் பதினெட்டு வருசம்
குத்தவைத்துக் கொட்டை உடைத்த இடுப்பு இது.
விரலில் ஏறின கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாததுபோல
உள்ளேயும் ஏதோ எண்ணெய் ஊறிப்போய்க் கிடக்கிறது.
வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம்,
மல்லாந்தால் முழுசும்.

ஆசாரிபள்ளத்தில் எலும்பு டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
மேல்மாடிக்குச் சீட்டு எழுதினார்.
கதவில் ‘மனநலம்’ என்று வாசித்ததும் திரும்பி நடந்தேன்.
“எனக்க புத்திக்கு ஒண்ணுமில்ல மோளே, இடுப்புக்குத்தான்.”
“தெரியும்மா. உட்காருங்க. இல்லாட்டி
நின்னுட்டே பேசுங்க” என்றாள்.
தூத்துக்குடிக்காரி, என் மூத்தவளுக்கும் இளையவள்.
நின்றுகொண்டு பேச விட்ட முதல் ஆள்.

மாத்திரை இல்லை. கட்டம் போட்ட ஒரு தாள்:
படுத்தது, உறங்கினது, முழித்தது, எழும்பினது,
கடைசியில் பத்துக்கு எத்தனை வலி.
இரண்டு வாரத்தைக் கூட்டிப் பார்த்தாள்.
கட்டிலில் ஒன்பதரை மணி, உறக்கம் ஐந்தேகால்.
“மிச்ச நேரம் என்னம்மா செய்றீங்க?”
“வலிக்குக் காவல் இருக்கேன்.”
அதையும் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு முன் படுக்கக் கூடாதாம்.
ஐந்தரைக்கு மேல் கிடக்கக் கூடாதாம்.
உறக்கம் வரவில்லையா, இறங்கிவிட வேண்டும்.
கடிகாரத்தின் முகத்தைச் சுவருக்குத் திருப்ப வேண்டும்.
பட்டினிக்காரியிடம் சோற்றைக் குறை என்கிறாளே!
வீட்டில் சொன்னேன். ஞானசிகாமணி சிரித்தார்.
சிரித்ததற்கு மூன்று நாள் கட்டன்சாயா கிடையாது.

முதல் வாரம் வல்லாத வாரம்.
நடுராத்திரி அடுக்களையில் முக்காலி போட்டு இருந்து
பல்லியைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது.
ஞாயிற்றுக்கிழமை அய்யர் பிரசங்கம் தொடங்கவும்
தலை தொங்கிவிட்டது;
பக்கத்து பெஞ்சு தங்கலீலா கிள்ளினாள்.
அழுதேன், அதை எழுதக் கட்டம் இல்லை.

இன்னொரு தாளும் உண்டு. ராத்திரி மனசு சொல்வதை
அப்படியே எழுத வேண்டும்:
‘நாளைக்கு எழும்பவே முடியாது.’
மறுநாள் அதற்கு நேரே, நடந்தது:
எழும்பினேன். மரச்சீனி அவித்தேன்.
அருமனைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன்.
முடியாது என்று எழுதினது பதினோரு நாள்,
முடிந்தது ஒன்பது.
முடியாத இரண்டு நாளையும் அவள் அடிக்கச் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் ஒரு வியாழன்.
அலாரம் அடித்தது. பக்கத்தில் தலையணை மட்டும்.
ஜன்னலில் பார்த்தால்
விளக்கு பலாவுக்கும் அப்பால் கடைசி வரிசையில்.
கதவு முனகவில்லையா? வாளிகள்?
பால் எடுத்து வந்தவரிடம் கேட்டேன்,
“ஒச்ச கேக்காம போனியளோ?”
“எப்பளும் போறது போலத்தான் போனேன்.
கொடைய வேற தள்ளிப்போட்டேன்.”

வலிக்கட்டத்தில் ஏழு எழுதினேன்.
முந்தின நாளும் ஏழுதான், அதற்கு முந்தினதும்.
ஓரத்தில் இடம் இருந்தது. எழுதினேன்:
அவர் போனது தெரியாது.

அந்த ஓரத்தை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
“இனி பதினொன்னே முக்காலுக்குப் படுக்கலாம்மா.”
பதினைந்து நிமிசம்.
கூலி கூட்டிக் கொடுத்ததுபோல
பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
அழகியமண்டபத்தில் ஜன்னல் சீட்டு காலியானது,
இடுப்பு கெஞ்சியது, இருக்கவில்லை.
இருந்தால் கண்ணயர்ந்துவிடும்.