இருபது

மதியம் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன்.
பூஜ்யம் இருந்த இடத்தில் இருபது.
ஒரு சிப்பாயில் ஐந்தில் ஒரு பங்கு.
ஜெயிக்க வேண்டியதையெல்லாம்
டிரா செய்துவிட்டு வருகிற என் புரோகிராமுக்கு
அவ்வளவு கர்வம் போதும் என்று நினைத்தேன்.

இரவு பதினொன்றே கால். குரோனிங்கனில் மழை.
எங்கள் மேசை மட்டும்தான் மிச்சம்.
பலகையில் ஆளுக்கொரு யானை, மும்மூன்று சிப்பாய்.
எதிர்த் திரை டிரா கேட்டது.
எம்டனிலிருந்து காரோட்டி வந்த ஐலெர்ட்டுக்குச் சம்மதம்.
எனக்கும்.
சாவிக்கொத்தோடு வாசலில் நிற்கும் ஹார்பெர்ட்டுக்கு
இரட்டைச் சம்மதம்.
ஆனால் விதிப்படி நாங்கள்
காய் நகர்த்தும் கைகள்தான்.

வேண்டாம் என்றது என்னுடையது.
அதே நிலை மூன்றாம் முறை வரப்போனால்
ஒதுங்கிக்கொண்டது.
ஐம்பது நகர்த்தல் நெருங்கினால்
ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவைத்தது.
ஐலெர்ட் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார்.
மகளுக்குப் பல் முளைத்த கதை சொன்னார்.
என் கடைசி ரயில் போய்விட்டது.

நூற்று நாற்பத்தொன்றாவது நகர்த்தலில்
தள்ளிவிட்ட சிப்பாய்களில் ஒன்று விழுந்தது.
பின்னாலேயே இன்னொன்று.
அப்போதுதான் என் திரையில்
அந்தச் சொல் வந்தது:
டிரா?

ஐலெர்ட் தன் திரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"மன்னிக்கணும், இது கேட்காது" என்றார்.
ஹார்பெர்ட் பாதி விளக்குகளை அணைத்தார்.

விடிகாலை, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து
இருபதை அழித்தேன்.
பன்னிரண்டு என்று அடித்தேன்.
எட்டு என்று திருத்தினேன்.
பூஜ்யம் வரைக்கும்
விரல் போகவில்லை.