லாட் நாற்பத்தேழு

போடியில் ஒரு விரல் பொத்தானை அழுத்தினால்
புத்தடியில் ஒரு முகம் சுருங்கும்.
இடையில் இருப்பது மலை என்பார்கள்.
நான் கேபிள் பார்க்கிறவன்.
இடையில் இருப்பது மும்பை.

ஏலத்தொகை கம்பமெட்டு ஏறுவதில்லை.
தேனி, மதுரை, சென்னை என்று
சாலையோரக் குழிக்குள் கண்ணாடி நூலில் ஒளியாய் ஓடி,
மும்பையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தில்
குளிரூட்டிய இரும்பு அலமாரி ஒன்றில் நேரம் குறிக்கப்பட்டு,
கொச்சி சுற்றி, மலைக்கு அந்தப்பக்கம் போய்ச் சேர்கிறது.
மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
தட்டில் கொட்டிய மாதிரிக் காயில் ஒன்றை
வியாபாரி பல்லில் வைப்பதற்குள்.

சுருளிவேல் அண்ணாச்சி கேட்டார்:
"கிளவுடு கிளவுடுங்கிறியே,
ஆடிக்காத்து அடிச்சா என் கணக்கு என்னாகும்?"
கூடம் சிரித்தது. தரையெல்லாம் சிந்திய காய்,
நடந்தால் நொறுங்கி மணக்கும்.
"மேகமெல்லாம் இல்லண்ணாச்சி. அடுத்தவன் ஸ்டோர்.
சொந்தமா ஸ்டோர் கட்ட முடியாதவன்
பச்சைக் காயைப் பெரிய தோட்டத்துல குடுத்து
கிலோவுக்கு இவ்வளவுன்னு உலத்தி வாங்குறான்ல, அது.
அடுப்பு அவங்களுது. விறகு அவங்களுது.
சாக்குல மட்டும் நம்ம மை.
காய்ப்பு மாசத்துல பத்துத் தட்டு கேப்போம்,
பங்குனியில ரெண்டு போதும்னுருவோம்."
"அந்த ஸ்டோர் தீப்பிடிச்சா?"
"ஹைதராபாத்துல இன்னொண்ணு இருக்கு.
அதே காய். அதே சாக்கு. அதே மை."
அண்ணாச்சி நம்பவில்லை.
ஒரே காய் இரண்டு ஊரில் இருப்பதை
எந்த ஏலக்காய் வியாபாரி நம்புவார்?

ஆவணி முதல் வாரம். லாட் நாற்பத்தேழு.
எட்டு எம்எம், நல்ல பச்சை, அறுநூற்றுப் பத்து கிலோ.
விலை இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பதில் நின்றபோது
திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.
கோடாங்கிபட்டியில் ஒரு ஜேசிபி
குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிக்கொண்டிருந்ததாம்.
போடியில் அறுபது பேர்
அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
புத்தடியில் வட்டமே இல்லை.
அங்கே ஏலம் நடந்துகொண்டிருந்தது.
தேவாரம் சுற்றிப் போகும் மாற்றுப்பாதை
விழித்துக்கொள்ள ஐந்து விநாடி.
அதற்குள், இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றுக்கு,
லிஸம்மா, புத்தடி.

"நாந்தான் முன்னாடி அழுத்துனேன்" என்றார் அண்ணாச்சி.
பொத்தானிலிருந்து விரலை இன்னும் எடுக்கவில்லை.
அவருடைய கணினியைத் திறந்து பார்த்தேன்.
அழுத்தியிருந்தார். உண்மையிலேயே முன்னால்.
ஆனால் அங்கே எழுதுவது புறப்பட்ட நேரமல்ல,
வந்த நேரம்.

அந்தச் சாக்குகள் இருந்ததோ
அவர் முதுகுக்குப் பின்னால், போடி குடோனில்.
சாயங்காலம் லாரி ஏறிற்று.
கம்பமெட்டுச் சோதனைச்சாவடியில் சிக்னல் இல்லை,
பில் திறக்கவில்லை.
காவலர் போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு
நோட்டில் கார்பன் வைத்து எழுதிக்கொண்டாராம்
லாரியின் முன்விளக்கு வெளிச்சத்தில்,
உள்ளங்கை தெரியாத மேகத்துக்குள் நின்று.

இரவு ஒன்பதரைக்கு நான் கோடாங்கிபட்டிக் குழியில்.
முழங்கால் வரை சேறு.
முடியைவிட மெல்லிய இழைகளை
நீலத்துக்கு நீலம், ஆரஞ்சுக்கு ஆரஞ்சு
ஒட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.
தெரிகிறதா என்று பார்க்கவும் கூடாது.
பல்லில் கடித்திருந்த டார்ச்சை எடுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.
"வந்துருச்சாப்பா?"
"வந்துருச்சு அண்ணாச்சி."
கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம்.
"எது வழியா?"