வலப் பின்களத்தில் பெக்கிம்

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம்.
வென்றால் மேல் பிரிவு. தோற்றால்
இன்னொரு வருடம் இதே சேறு, இதே குளிர்ந்த ஷவர்.
ஊர்ஸ் சொல்லிவிட்டான்: 'தாக்குதலை நீ வரை.
உனக்குக் கால் போய்விட்டது, கண் இருக்கிறது.'

வரைகிறேன்.
கிரென்ஷனில், கடிகாரத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில்,
வெள்ளிக்கிழமைத் தேநீர் இடைவேளையில்,
பழுதான முகப்புகளைப் போடும் தட்டில்.
பலகையின் காந்தப் பொத்தான்களை இங்கே கொண்டுவர முடியாது.
கடிகாரத்துக்குக் காந்தம் ஆகாது, வாசலிலேயே பறித்துவிடுவார்கள்.
ஆகவே வெள்ளை முகப்புகள் அவர்கள், கறுப்பு நாங்கள்.
முள் இல்லாத இருபத்திரண்டு முகங்கள்.

அவர்களின் நடுக்காவல் இரண்டும் பனைமரம்.
உயரப் பந்து போட்டால் தலையால் தின்பார்கள்.
தரையில் போடவேண்டும், முழங்காலுக்குக் கீழே.
கௌரிதாசன் கோலுக்கு முதுகு காட்டி நிற்கட்டும்,
ஒரு பனையை வேரோடு வெளியே இழுத்து வரட்டும்.
கிளித்தட்டு ஆடியவனுக்கு இது விளங்கும்:
ஒருவனை ஏய்க்க ஓடுவது
நான் தாண்ட அல்ல, மற்றவன் தாண்ட.
லூக்காவுக்கு விளங்கவில்லை.
வியாழன் பயிற்சியில் கூம்புகளை அடுக்கி
அவனையே கிளியாக நிறுத்தினேன்.
நாலு தரம் ஏமாந்த பிறகு சிரித்தான்.

அவர்களின் இடப்பக்கம் ஒரு தபால்காரன்,
காலை முழுக்க மேட்டுத் தெருக்களில் மிதிப்பவன்.
களைக்கமாட்டான். அங்கே போகவேண்டாம்.

வலப்பக்கம் பெக்கிம்.

இந்த மேசையில் எனக்கு எதிரே
உருப்பெருக்கியை ஒரு கண்ணில் இடுக்கியபடி
ஆறு வருடமாகத் திருகாணி முடுக்குகிறவன்.
அவன் தாய் இறந்த கிழமை அவன் தட்டையும் நான் முடித்தேன்.
என் மகள் பிறந்த இரவு என் காரை அவன் ஓட்டினான்.
செவ்வாய்க்கிழமை சொலொத்தூர்னுக்கு
நான்தான் கூட்டிப்போனேன்.
வலது முழங்காலில் இரண்டு ஊசி நீர் எடுத்தார்கள்,
பழைய வார்னிஷ் நிறம்.
'யாருக்கும் சொல்லாதே' என்று அவன் சொல்லவில்லை.
சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறான்.

எங்களிடம் சாய்ரூபன் இருக்கிறான், பதினெட்டு வயது.
இடது கோட்டில் அவனை விட்டால்
வெளியே போவதுபோல் ஒரு தோள், உள்ளே ஒரு வெட்டு.
வலக்காலை ஊன்றித் திரும்பவேண்டும் பெக்கிம்.
முதல் தரம் திரும்புவான்.
ஐந்தாம் தரம்?
அந்த அம்பை இரண்டு நாளாகப் போட்டுப் போட்டு அழிக்கிறேன்.

மதிலை வளைக்கிறவன் உழிஞை சூடுவானாம்,
காக்கிறவன் நொச்சி.
இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டி திறந்தால்
என்ன பூ என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஐந்து மணிக்குச் சங்கு. கை கழுவும் தொட்டியில்
பெக்கிம் என்னைப் பார்க்காமல் சொன்னான்:
'நாளைக்கு என்னை இடப்பக்கம் போடுகிறார்கள்.'
குழாயை மூடினான்.
'பெனால்டி வந்தால் நீ எப்பவும் இடது மூலைக்குத்தான் அடிப்பாய்.
எங்கள் கோலிக்கு இன்னும் சொல்லவில்லை.'

இன்னும்.
பேருந்தில் அந்தச் சொல்லோடுதான் வந்தேன்.
பொய்யென்றால் நல்ல ஏய்ப்பு,
தோளைக் காட்டிக் காலை மறைத்துவிட்டான்.
மெய்யென்றால் தபால்காரன் வலத்துக்கு வருகிறான்,
என் படம் முழுவதையும்
கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பவேண்டும்.

இரவு பதினொன்று. படம் எங்கே என்கிறான் ஊர்ஸ்.
தரைப் பந்து, இரண்டு பனை, கௌரிதாசனின் முதுகு,
கோர்னருக்குக் கிட்டக் கம்பம்: அனுப்பிவிட்டேன்.
சாய்ரூபனுக்கு மட்டும் அம்பு இல்லை.
'நீயே பார்த்து ஓடு' என்று எழுதினேன்.

பார்ப்பான். அவனுக்கும் கண் இருக்கிறது.
இருபது நிமிடம் போதும் அவனுக்கு.

போர்வைக்குள் என் வலக்காலை
வலது மூலைக்குத் திருப்பிப் பார்க்கிறேன்.
கணுக்கால் ஒத்துவரவில்லை.
இன்னொரு தரம்.