நூற்றெழுபதாம் பக்கம்

கோதுமைக் கிடங்கின் அடியில் ஒரு பிணத்தைக் கிடத்தி
நானூற்றுப் பத்துப் பக்கம் எழுதிவிட்டாள்
பழைய தபாலதிபரின் மகள்.
இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள்.
எங்கள் வெராபின் அவள் கதையில் கராபின்.
ஆனால் தண்ணீர்த் தாங்கி அதே பக்கம் சாய்ந்து நிற்கிறது,
மதுக்கடையின் பின்கதவு
காலால் உதைத்தால்தான் திறக்கிறது.
ஏமாற ஒருவரும் இல்லை.

அறுவடை தொடங்குமுன் ஊரே படித்து முடித்தது.
யார் கொன்றது என்று எவரும் கேட்கவில்லை.
அந்த நாய் யாருடையது என்றார்கள்.
அறுபத்தோராம் பக்கத்தில்
தன் எலுமிச்சைக் கேக்கைக் காய்ந்தது என்று எழுதியதற்கு
நோலீன் நூலகத்தில் நின்று அழுதாள்.
கொலைகாரனின் வண்டி தன்னுடையதுதான் என்று
டாரில் அதைக் கழுவித் துடைத்து
வங்கிக்கு முன்னால் நிறுத்திவைத்தான், இரண்டு நாள்.
போதகருக்கு மழைதான் பிழை:
அந்த வருடம் குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தது,
மூன்றாம் அத்தியாயத்தில் எங்கிருந்து வந்தது மழை?

நானும் படித்தேன்,
என்னைத் தேடி.
பதினெட்டு வருடமாய் இங்குள்ள ஒரே மருந்துக்கடை என்னுடையது.
கதையிலோ நஞ்சு வைத்துக் கொலை.
நஞ்சு அலுமாரியின் திறப்பு என் இடுப்பில்.
நூற்றெழுபதாம் பக்கத்தில் வந்தேன்.
‘மருந்துக்கடைப் பெண் புன்னகைத்தாள்.’
அவ்வளவுதான்.
ஆட்டு மயிர் கத்தரிக்கிறவனை,
தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவளை,
பதினொரு வயதுப் பொடியனைக்கூட
இருத்திவைத்து விசாரித்த துப்பறிவாளர்
எனக்கு நன்றி சொல்லிவிட்டு
இருமல் மருந்தோடு போய்விட்டார்.

‘கொலைகாரி ஆக்கவில்லை என்று கோபிக்கிற முதல் ஆள் நீதான்’
தொலைபேசியில் சிரித்தாள் பிரம்டனில் இருக்கும் தங்கை.
நான் சிரிக்கவில்லை.
அன்றிரவு எங்கே இருந்தாய் என்று ஒருவர் கேட்பதற்கும்
முதலில் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும் போல.

நூலகப் பிரதி என்னிடம் வந்தபோது
எனக்கு முன்னால் பத்தொன்பது பேர் அதைத் தொட்டிருந்தார்கள்.
தேநீர் வட்டம். கோதுமை உமி.
கம்பளி எண்ணெய் ஊறிய ஒரு பெருவிரல்.
கடைசிப் பக்கத்தில்,
கிடங்கின் கதவு திறந்து பிணம் வெளிப்படும் வரிக்குப் பக்கத்தில்
பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்:
‘கிடங்கில் இல்லை. குட்டையில். வற்றியிருந்தபோது.’

பகிடி என்று மற்றவர்கள் தாண்டிப் போயிருக்கலாம்.
எனக்கு எழுத்து வாசிப்பதுதான் பிழைப்பு.
கோழி கிளறியதுபோல் டாக்டர்மார் எழுதுவதில்
மில்லிகிராமைப் பிரித்தெடுக்கிறவள்.
அந்த ஆங்கில ‘டி’யை எனக்குத் தெரியும்,
குறுக்குக்கோடு தண்டைத் தொடாமல்
மேலே தனியாய் மிதக்கும்.
மாதம் ஒருமுறை, வியாழன் பதினொரு மணிக்கு,
இதய மாத்திரைக்காக என் மேசையில் கையெழுத்திடும்.
மெர்வ் பார்ட்லெட்.
பெயரில் மூன்று ‘டி’.
அவருக்கு ஒரு தம்பி இருந்ததாகச் சொல்வார்கள்,
குவீன்ஸ்லாந்துச் சுரங்கத்துக்குப் போனவன்,
தாயின் சாவுக்கும் வராதவன்.

அழிறப்பர் லாச்சியில் கிடந்தது.
எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
காவல் நிலையம் நாற்பது கிலோமீட்டர்.
என்ன சொல்வது,
ஒரு ‘டி’யைக் கண்டேன் என்றா?

வியாழன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.
காற்றைப் பற்றிக் கதைத்தார், கடலை விலையைப் பற்றி.
மாத்திரைகளை எண்ணிப் பையிலிட்டேன்.
‘நூலகப் புத்தகம் இப்போது உன்னிடமாமே’ என்றார்.
‘இன்னும் முடிக்கவில்லை.’
‘திங்கள் இரவு ஒரு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிந்தது.
என்ன செய்துகொண்டிருந்தாய்?’

பதினெட்டு வருடத்தில்
இந்த ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

பேனையை அவர் பக்கம் நகர்த்தினேன்,
கையெழுத்துக்கு.
புன்னகைத்தேன்,
நூற்றெழுபதாம் பக்கத்தில் இருப்பதுபோலவே.