கேலக்ஸி ஏ டென்

வாழைச்சேனைத் துறைமுகம். இரவு வேலை.
ஐஸ் நொறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால்
உப்புச் சாக்கில் போனைச் சாத்தி வைக்கிறேன்.
திரையில் பதினான்கு கட்டங்கள்.
பதின்மூன்றில் முகம்.
ஒன்று கறுப்பு, அடியில்
'கேலக்ஸி ஏ டென்' என்று இருக்கும்.
அது நான்.
பெயரை மாற்ற முதலில் தெரியவில்லை.
தெரிந்த பிறகு மனம் வரவில்லை.

பாஸ்டருக்குப் பின்னால் சூரிச்சின் ஜன்னலில் பனி.
நான் ஐஸுக்கு நடுவில், வேர்த்தபடி.
லொறி ஓட்டும் தேவநாயகம்
எங்கோ ஒரு நெடுஞ்சாலையோரம் நிறுத்திவிட்டு வருவார்.
குவைத்தில் மரியரஞ்சினி,
வீட்டுக்காரர் உறங்கிய குசினியில்.
வசனம் வாசிப்பதற்கும் இரகசியம் சொல்வதற்கும்
அவளிடம் இருப்பது ஒரே குரல்.

கட்டடத்துச் சபைக்கும் போய்ப் பார்த்தேன்,
அந்த ஞாயிறுக்குப் பிறகு மூன்று தரம்.
பாட்டு எழும்ப எல்லாரும் கண் மூடினார்கள்.
என் கண் மட்டும்
வாங்குக்கு அடியில் கிடக்கும் அது
யாருடைய பை என்று தேடியது.
ஆமென் சொல்லும் முன்பே வெளியே வந்துவிடுவேன்,
ஒருமுறை செருப்பும் இல்லாமல்.

இங்கே யாரும் பை கொண்டுவர முடியாது.
அதற்காகத்தான் சேர்ந்தேன்.
விசுவாசத்தால் என்று சொன்னால் பொய்.

ஏழு மாதம் மியூட்டில் இருந்தேன்.
ஒரு புதன் பாதி ஜெபத்தில் டேட்டா முடிந்து விழுந்தேன்.
விடிய நூறு ரூபாய் ரீலோட் வந்திருந்தது.
அனுப்பினது தாங்கள்தான் என்று
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

திருவிருந்து நாளில்
"கையில் இருப்பதை எடுங்கள்" என்றார் பாஸ்டர்.
பாண் விளிம்பு. உருகிய ஐஸ் தண்ணீர், ஒரு மிடறு.
அமோனியா வாசத்தோடு விழுங்கினேன்.
தொண்டையில் எது நின்றது என்று தெரியாது.

பிறகு மார்கழியில் ஒரு நாள்,
"கேலக்ஸி ஏ டென் சகோதரர் இன்றைக்கு ஜெபிப்பாரா?"

விரல் தவறியதா, துணிந்ததா?
மியூட் விலகியது.
இயந்திரத்தின் இரைச்சல்
அத்தனை வீடுகளுக்குள்ளும் பாய்ந்தது.
"மழையா?" என்றாள் குவைத்தில் இருப்பவள்,
அவ்வளவு ஆசையாக.
"ஐஸ்" என்றேன்.
ஏழு மாதத்தில் என் முதல் சொல்.
"ஆமென்" என்றார் பாஸ்டர், சிரிப்பை அடக்காமல்.
திரும்ப மியூட் பண்ணச் சொல்லி
ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்த கிழமை அவள் தனியாக எழுதினாள்:
சந்திவெளியிலதான் என்ட வீடு.
மகன் போன் எடுக்கிறான் இல்ல.
ஒருக்காப் பார்த்திட்டு வருவீங்களா, அண்ணா?

அண்ணா.

வேலை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்தேன்.
படலையைத் திறந்தவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்.
முகத்தைப் பார்க்கவில்லை.
அவன் கண் நேரே
என் தோளில் தொங்கிய பைக்குப் போனது.

எனக்கு அந்தப் பார்வையைத் தெரியும்.
பையைச் சேற்றில் வைத்தேன்,
வாயை அகலத் திறந்தேன்,
இரண்டடி பின்னால் போய் நின்றேன்.
நொறுக்கிய ஐஸுக்குள் இரண்டு சூரை மீன்,
கண் மங்காமல்.

"நீங்க ஆரு?"

பெயர் சொல்ல வாயெடுத்தேன்.
அவன் அம்மாவுக்கே அது தெரியாதே.
"கேலக்ஸி" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு
சைக்கிளை உள்ளுக்கு எடுக்கச் சொன்னான்.